தோட்டத்துக் கொலைக்கதை ஏமாற்றிவிட்டது, வேறொன்று சொல்லுங்களேன்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசிப்புக் குழுவுக்கு நல்ல சரித்திரத் துப்பறியும் நாவல் ஒன்று வேண்டும். இந்த முறை எடுத்தது, 1912இல் பேராக் ரப்பர் தோட்டத்தில் நடக்கும் கொலை. பெரிய ஏமாற்றம்.

கதையின் முடிச்சே மங்கில்தான், அதாவது மரத்தில் ரப்பர் பால் வடியும் கிண்ணத்தில்தான் இருக்கிறது. முதல்நாள் காலை வெட்டிய பால் மறுநாள் விடியலிலும் இளகி நிற்கிறதாம், அதை வைத்துத்தான் கொலை நேரத்தைக் கணிக்கிறார்கள். அம்மோனியா கலக்காத பால் அதற்குள் உறைந்து கட்டிப்பாலாகியிருக்கும். வெயில் ஏறினால் ஒழுக்கும் குறைந்துவிடும், அதனால்தான் இருட்டோடு பிரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) கூப்பிட்டார்கள். இதில் நடுப்பகல் பால்வெட்டைப் பார்த்ததாக ஒரு சாட்சி! கதையில் வரும் கங்காணிக்குமா இது தெரியாது?

நீதிமன்றத்தில் 12 ஜூரிகள் வேறு. 1911இல் கோலாலம்பூர் புரௌட்லாக் கொலை வழக்கை விசாரித்தது நீதிபதியும் அவருக்கு உதவ அமர்ந்த இரண்டு அசெசர்களும்தான், ஜூரி இல்லை.

மொழிநடை நன்றாக இருந்தது, அதுதான் வருத்தம்.

1957க்கு முந்தைய மலாயாவில் நடப்பதாக, தோட்ட வேலையும் சட்ட நடைமுறையும் பிசகாமல் எழுதிய தமிழ் நாவல் தெரிந்தால் பெயர், பதிப்பகம், எங்கே கிடைக்கும் என்று எழுதுங்கள். இரவல் தர முடிந்தால் இன்னும் நல்லது. தபால் செலவு எங்களுடையது. முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.