1949 ஃபோர்டு 8என் டிராக்டர்: சூடானதும் நின்றுவிடுகிறது, டைமிங் லைட்டை எங்கே காட்டுவது?

கொட்டில்காரன்:
பென்சில்வேனியாவில் வீட்டோடு வந்த ஐந்து ஏக்கரில் புல் வெட்ட ஒரு பழைய 8என் வாங்கினேன். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறை வைத்து ஸ்பார்க்கை அனுப்புவது) எஞ்சினுக்கு முன்னால், ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மாடல். முந்தைய ஓனர் 12 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார். காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது, அரை மணி நேரம் வெட்டினால் திக்கித் திணறி நின்றுவிடும், ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். பக்கத்துப் பண்ணைக்காரர் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், போயிருக்கும் என்கிறார். அதைப் பார்க்க ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டும் வாங்கிவிட்டேன், ஆனால் முன் புல்லியில் குறியே இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரையும் காரில் திருப்புவது போலத் திருப்ப முடியவில்லை. ஊரில் மாமாவைக் கேட்டால் டிராக்டருக்கு ஏதுடா ஸ்பார்க் பிளக் என்று சிரிக்கிறார், அவர் ஓட்டியதெல்லாம் டீசல்.

இரும்புக்கடை:
லைட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்குங்கள் நண்பரே. உங்கள் வண்டிக்கு டைமிங் வைப்பது எஞ்சினில் இல்லை, மேசையில். 1950 நடுவில், 263844-ஆம் சீரியலில் இருந்துதான் டிஸ்ட்ரிபியூட்டரைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார்கள், ஃப்ளைவீல் குறியைப் பார்த்து லைட் பிடிப்பதெல்லாம் அந்த வண்டிகளுக்கு.

ஸ்பார்க்குக்கு வோல்ட் ஏற்றும் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இரண்டையும் எடுத்துவிட்டு, அதைப் பிடித்திருக்கும் ரெண்டு போல்ட்டைக் கழற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் கையோடு வரும். பயப்பட வேண்டாம், ஷாஃப்ட் நுனியில் உள்ள நாக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும், கேம்ஷாஃப்ட்டில் ஒரே மாதிரிதான் உட்காரும், தலைகீழாக மாட்டவே முடியாது. முதலில் பாயிண்ட் (காயில் கரன்டை வெட்டி விடும் சுவிட்ச்) திறக்கும் இடைவெளி, அதாவது கேப், 15 தவ் (இஞ்சில் ஆயிரத்தில் 15 பங்கு). பாயிண்டைத் திறக்கும் நாலு கேம் முனையிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். ஒன்றில் 15, இன்னொன்றில் 11 என்று காட்டினால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடுகிறது, அதை மாற்றாமல் மேலே எதைச் செய்தாலும் வீண். அப்புறம் நாக்கின் அகலமான பக்கத்தை ஒட்டி ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஷாஃப்ட்டை அது சுற்றும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். போல்ட் ஓட்டையின் வெளி விளிம்புக்கும் ஸ்கேலுக்கும் கால் இஞ்ச் இருக்கும்போது பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், மீட்டர் வையுங்கள். முன்னே பின்னே இருந்தால் பக்கத்தில் உள்ள லாக் ஸ்க்ரூவைத் தளர்த்தித் தட்டை நகர்த்தலாம்.

பாயிண்ட் கேப்பைச் சரியாக வைத்த பிறகுதான் டைமிங், இந்த வரிசை மாறக்கூடாது. கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து ஸ்பார்க் முந்தும், குறைந்தால் பிந்தும்.

புல்லட்பிரியன்:
ஊரில் புல்லட்டுக்குப் பாயிண்ட் தேய்த்துப் பழகியவர்களுக்கு இது ஜுஜுபி. ஒன்று மட்டும், பாயிண்டுக்குப் போகும் மெல்லிய செம்புத் தகடு பாடியை உரசாமல் இருக்கிறதா பாருங்கள், அங்கே இருக்கும் சின்ன இன்சுலேட்டர் துண்டைத் தொலைத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை) 1-2-4-3, கார் நினைப்பில் 1-3-4-2 என்று ஒயர் மாட்டிவிடாதீர்கள்.

மேட்டுக்காடு:
எல்லாம் சரி, ஆனால் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லையே. டைமிங் தப்பென்றால் காலையிலும் தப்பாகத்தான் ஓடும். பிந்தினால் இழுவை இருக்காது, எஞ்சின் கொதிக்கும். முந்தினால் ஸ்டார்ட்டரை எதிர்த்து உதைக்கும். அரை மணி ஓடி, நின்று, ஆறி, மறுபடி ஓடுகிறது என்றால் எனக்குச் சந்தேகம் காயில்தான். அது டிஸ்ட்ரிபியூட்டர் தலையிலேயே, ரேடியேட்டர் சூட்டில் உட்கார்ந்திருக்கிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றியவர் பழைய 6 வோல்ட் காயிலை அப்படியே விட்டிருந்தால் வெந்துபோகத்தான் செய்யும். காயிலுக்குப் போகும் ஒயரில் மீட்டரை வரிசையில் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்போது கரன்ட் பாருங்கள், 4 ஆம்பியரைத் தாண்டினால் கரன்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் போதவில்லை.

அடுத்த முறை நின்றவுடன், ஆறுவதற்குள், ஒரு பிளக் ஒயரைக் கழற்றிக் கால் இஞ்ச் தூரத்தில் ஸ்பார்க் தாண்டுகிறதா பாருங்கள். நீலமாக, பட்டென்று தாண்டினால் இக்னிஷனை விட்டுவிட்டு பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், அதிலுள்ள காற்று ஓட்டை அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

கொட்டில்காரன்:
இன்று நின்றதும் பார்த்தேன். ஸ்பார்க் மஞ்சளாக, நூல் மாதிரி, அதுவும் விட்டு விட்டு. காயிலைத் தொட முடியவில்லை. டேஷுக்குப் பின்னால் பழைய ரெசிஸ்டர் இருக்கிறது, ஆனால் ரெண்டு முனையையும் ஒரு ஒயரால் நேராக இணைத்து வைத்திருக்கிறார்கள்.

மேட்டுக்காடு:
அந்த ஒயரை முதலில் வெட்டி எறியுங்கள். 12 வோல்ட்டுக்கென்றே வரும் முன்பக்கக் காயில் கிடைக்கும், அதைப் போட்டுவிட்டு மறுபடி ஆம்பியர் பாருங்கள். இக்னிஷன் சாவியை ஆனில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள், பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் புதுக் காயிலும் அதே கதிதான். டிஸ்ட்ரிபியூட்டரை எப்படியும் கழற்றப் போகிறீர்கள், அந்த நாலு கேம் முனை அளவையும் எடுத்து இங்கே போடுங்கள்.