குற்றவாளியின் சொத்தைப் பறித்தால் தண்டனை யாருக்கு?

கேள்வி:
ஒருவர் செய்த குற்றத்துக்காக அவருடைய வீட்டை அரசு எடுத்துக்கொள்ளும்போது, அதில் குடியிருக்கும் மனைவியும் பிள்ளைகளும் எந்தத் தவறும் செய்யாமலேயே தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். இது நெடுநாளாக என் மனத்தை உறுத்துகிறது. இதைச் சட்டம் எவ்வாறு நியாயப்படுத்துகிறது?

மறுமொழி 1:
இங்கிலாந்தின் பழைய சட்டத்தில், துரோகக் குற்றம் உறுதியானால் சொத்து பறிபோனதோடு பிள்ளைகளின் வாரிசுரிமையும் அறுந்துபோகும். குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் செய்யாமல் மௌனம் காத்தவரின் உடல்மீது பாரம் ஏற்றி நசுக்கும் கொடுமையும் அங்கே 1772 வரை சட்டத்தில் இருந்தது. அவ்வாறு இறந்தவர்மீது தீர்ப்பு எதுவும் இல்லை என்பதால் சொத்து குடும்பத்திடமே தங்கியது. பிள்ளைகளுக்காக அந்தச் சாவைத் தேர்ந்துகொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பெருங்குற்றங்களுக்கான சொத்துப் பறிமுதல் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கியது. அமெரிக்க அரசியலமைப்போ, தேசத்துரோகிக்குக்கூட அவர் வாழ்நாளைத் தாண்டிப் பறிமுதல் நீளக் கூடாது என்று முன்னரே வரம்பு கட்டியிருந்தது.

மறுமொழி 2:
குற்றத்தால் வந்த பணத்தையும் உழைத்துச் சேர்த்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். திருடிய பொருள் ஒருபோதும் அவருடையதாக இருந்ததில்லை. அதை மீட்பது தண்டனையே அன்று. சிக்கல், குற்றத்துக்குப் பயன்பட்ட பொருளில்தான் வருகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய காரைக் கணவன், மனைவிக்குத் தெரியாமல் குற்றச்செயலுக்குப் பயன்படுத்திய வழக்கில், அவளுடைய பங்கையும் சேர்த்துப் பறித்தது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தவறு என்பதே என் உறுதியான கருத்து. அளவுக்கு மீறிய அபராதத்துக்கான தடை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று அதே நீதிமன்றம் 2019இல் கூறியது; அவ்வழக்கில் பறிக்கப்பட்ட வண்டியின் மதிப்பு, அக்குற்றத்துக்குரிய உச்ச அபராதத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

மறுமொழி 3:
சொத்தைத் தொடாமல் உரிமையை மட்டும் பறித்தால் குடும்பம் தப்பும் என்று தோன்றலாம். வாக்குரிமையைப் பொறுத்தவரை அது உண்மை. ஆயினும் கைதிகளின் வாக்குரிமையை நீக்கிய சட்டப்பிரிவை 2002இல் கனடா உச்ச நீதிமன்றம் வேறு காரணங்களால் செல்லாததாக்கியது. ஆனால், வண்டி ஓட்டிப் பிழைப்பவரின் உரிமத்தைப் பறித்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் நான் கேட்டிருக்க வேண்டியது, பறிமுதல் ஆணைக்கு முன்னரே மனைவியின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் கடமை எவருக்கு உண்டு என்பதுதான்.