ஐரோப்பாவில் ஒருநாள் பிரிந்து சுற்றினால் தவறா?

திருச்சிக்காரன்:
வணக்கம். மே கடைசியில் நாங்கள் நாலு பேர் ஐரோப்பா கிளம்புகிறோம். மகனுக்கு 15 வயது, ஜூலையில் 16 ஆகிறது. கால்பந்தும் இயற்பியலும் தவிர வேறு பேச்சில்லை. மகளுக்கு 13. சாப்பிடும்போதுகூடப் பக்கத்தில் ஸ்கெட்ச் நோட்டு இருக்க வேண்டும். பாரிஸில் 5 இரவு, ஸ்விட்சர்லாந்தில் 6 இரவு என்று போட்டிருக்கிறேன். பாரிஸில் ஒருநாள் நான் மகனோடு பார்க் தே பிரின்ஸ் ஸ்டேடியம், மனைவி மகளோடு ஓர்சே அருங்காட்சியகம் என்று பிரிந்து போகலாம் என்பது என் யோசனை. கேட்டதும் என் அக்காவுக்குக் கோபம். "இவ்வளவு செலவு பண்ணிக் குடும்பமாப் போயி, ஆளுக்கொரு திசையில சுத்தவா?" என்கிறாள். இப்போது மனைவிக்கும் தயக்கம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காவேரிக்கரை:
தம்பி, உங்கள் அக்கா சொல்வதுதான் சரி. வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன். இன்னும் இரண்டு வருஷத்தில் மகன் ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். நாலு பேரும் சேர்ந்து ஊர் சுற்றும் நாள் இனி எத்தனை கிடைக்கும்? நாங்கள் ரோமில் ஒருநாள் அப்படிப் பிரிந்தோம். மெட்ரோ நெரிசலில் என் கைப்பையிலிருந்து போனை உருவிவிட்டார்கள். பிரிந்து போன மற்றவர்களும் வழி தவறிவிட்டார்கள். சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் ஸ்பானிஷ் படிகளில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதற்றம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

வடபழனி அப்பா:
மன்னிக்கணும் அக்கா, எனக்கு இதில் உடன்பாடில்லை. நாங்கள் 'ஒன்றாகத்தான் சுற்றணும்' என்று பிடிவாதம் பிடித்தவர்கள். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நாலரை மணி நேரம். இரண்டாவது மணி நேரத்திலேயே பெரியவன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தான். அவிழ்ப்பான், கட்டுவான், மறுபடி அவிழ்ப்பான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் பார்த்து மனைவிக்கு எரிச்சல், அவளைப் பார்த்து எனக்கு எரிச்சல். சின்னவளுக்கோ எகிப்து சிலைகளை விட்டு வர மனசில்லை. அவளையும் பாதியில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

திருச்சி சார், லூவ்ர், ஓர்சே இரண்டிலும் 18 வயதுக்குக் கீழே இலவசம். பிள்ளை ஒரு மணி நேரத்தில் போதும் என்றால் கூட்டிக்கொண்டு வெளியே வரத் தயங்காதீர்கள். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்குத் திங்கள். வியாழனன்று ஓர்சே இரவு 9:45 வரை திறந்திருக்கும், சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம்.

லியோன்வாசி:
முதலில் ஒன்று: மகன் மேட்ச் பார்க்கும் ஆசையோடு வருகிறானா? மே கடைசிக்குள் இங்கே லீக் ஆட்டங்கள் முடிந்துவிடும். காலி ஸ்டேடியம், வீரர்கள் உடை மாற்றும் அறை, இதுபோலத்தான் சுற்றிக் காட்டுவார்கள். கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், வந்து ஏமாறக் கூடாது.

இயற்பியல் என்றால் ஸ்விஸ் ஜெனிவாவில் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறதே! பாரிஸிலிருந்து நேர் ரயிலில் மூன்று மணி நேரம் சொச்சம். கோர்னவன் ஸ்டேஷனிலிருந்து 18-ம் எண் டிராம் கடைசி நிறுத்தம் வரை போகும். 2023-ல் திறந்த 'சயின்ஸ் கேட்வே' கண்காட்சிக்குக் கட்டணம் கிடையாது. திங்கள் விடுமுறை. வளாகத்துக்குள் இந்திய அரசு 2004-ல் கொடுத்த இரண்டு மீட்டர் உயர நடராஜர் சிலை இருக்கிறது. அது எல்லோரும் போகும் இடத்தில் இல்லை, வழிகாட்டியோடு போகும்போது கேட்டுப் பாருங்கள். வரைகிற பிள்ளைக்கு அங்கேயும் வேலை உண்டு.

ஸ்விஸில் இன்னொரு லாபம். பெற்றோரிடம் ரயில், பஸ்ஸுக்கெல்லாம் ஒரே சீட்டான டிராவல் பாஸ் இருந்தால், ஃபேமிலி கார்டு வாங்கி 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளை இலவசமாக அழைத்துப் போகலாம். ஜூலைக்கு முன் வருவதால் இரண்டு பேருக்கும் செல்லும். ஆனால் பிள்ளையோடு அப்பாவோ அம்மாவோ இருக்க வேண்டும். இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் அந்தச் சலுகை கிடையாது. 12 வயதானாலே முழுக் கட்டணம், ஆளுக்கு 90 யூரோ. ஸ்விஸில்தான் இரவுகள் அதிகம் என்பதால் அவர்களிடமே விண்ணப்பிக்க வேண்டும்.

நெல்லைப் பொண்ணு:
எல்லோரும் பெற்றோர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். இழுத்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளை நான். 14 வயதில் அண்ணனுக்காக ஸ்டட்கார்ட் மெர்சிடிஸ் மியூசியத்துக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். உம்மென்றுதான் போனேன். லிஃப்டில் உச்சி மாடிக்கு ஏற்றிவிடுவார்கள், அங்கிருந்து சுற்றிச் சுற்றிக் கீழே இறங்க வேண்டும். மேலே 1886-ம் வருஷத்து மூன்று சக்கர வண்டி. ஸ்டியரிங் வீல் இல்லை, நடுவில் ஒரு சின்னக் கைப்பிடிதான். வீட்டில் என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத அண்ணன், அதன் முன்னால் நின்று எஞ்சின் எங்கே, செயின் எங்கே என்று அரை மணி நேரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். கார்மேல் எனக்கு இன்றும் ஆர்வம் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தை எதற்கும் விட்டுத் தர மாட்டேன். அன்றைக்கு நானும் அம்மாவும் கடைவீதிக்குப் போயிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

காவேரிக்கரை:
இதைத்தானம்மா நான் சொல்ல வந்தேன்.

வடபழனி அப்பா:
தங்கச்சி சொல்வது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அண்ணன் அங்கே வழிகாட்டியாக இருந்தான். என் பையனை லூவ்ரில் நாங்கள் மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு அலைந்தோம். இடத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுத்து மற்றவர்களுக்குக் காட்டினால் நாலு பேரும் போகலாம். அப்பா அம்மா பட்டியல் போட்ட இடத்துக்கு எல்லோரும் வந்தே தீரணும் என்றால் பிரிந்து போவதே மேல். அக்கா, உங்களுக்கு ரோமில் நடந்தது திருட்டு. நாலு பேராகப் போயிருந்தாலும் அந்த போன் போயிருக்கும்.

காவேரிக்கரை:
போன் போயிருக்கும், நான் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டேன்.

திருச்சிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதை நாலு பேரும் சேர்ந்தே படித்தோம். செர்ன் மகன் பொறுப்பு. யாருக்கு என்ன காட்டுவது என்று இப்போதே குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டான். அங்கே நாலு பேரும் போகிறோம். லூவ்ரும் சேர்ந்துதான், ஆனால் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் இல்லை. எங்கே என்ன பார்ப்பது என்பதை மகள் சொல்வாள். ஸ்டேடியத்துக்கு மட்டும் அவள் கண்டிப்பாக வர மாட்டேன் என்கிறாள். ஓர்சேயில் அவள் பாட்டுக்கு உட்கார்ந்து வரைய வேண்டும், யாரும் 'முடிச்சிட்டியா' என்று கேட்கக் கூடாதாம். அதனால் வியாழன் பிற்பகல் மட்டும் பிரிகிறோம். காவேரிக்கரை அக்கா, மன்னிக்கணும்.

காவேரிக்கரை:
மன்னிப்பு எதுக்குத் தம்பி. ராத்திரிச் சாப்பாடாவது சேர்ந்து உண்டா?

திருச்சிக்காரன்:
உண்டு அக்கா. எட்டரைக்கு லா ஷப்பேலில், நம்ம ஆளுங்க கடைத்தெருவில் தோசை.

லியோன்வாசி:
மே கடைசியில் எட்டரைக்கு இங்கே நல்ல வெளிச்சம் இருக்கும், பயமில்லை. கார் து நோர் ஸ்டேஷன் பக்கம் மட்டும் பையை முன்னால் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கடைப் பெயரையும் முகவரியையும் காகிதத்தில் எழுதி நாலு பேர் பையிலும் வையுங்கள்.