ஏ9 வீதிக்கும் ஓடுதளத்துக்கும் ஒரே ரயர்கள்: காற்றழுத்தத்தை எப்படித் தெரிவது?

பரந்தன் சந்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஜப்பானில் இருந்து இறக்குமதியான, முன்சில்லுகளுக்கு இயந்திர வலு செல்லும் ஒரு சிறிய கார். சாரதிப் பக்கக் கதவுத் தூணில் உள்ள அட்டையில் முன்னுக்கு 230, பின்னுக்கு 220 கிலோபாஸ்கல் என்று இருக்கிறது. பிஎஸ்ஐ கணக்கில் அது ஏறத்தாழ 33 உம் 32 உம் ஆகும். பழைய 175/65 ஆர்15 ரயர்கள் தேய்ந்துபோனதால், அதே றிம்களில் 195/55 ஆர்15 ரயர்களைப் போட்டிருக்கிறேன்.

பெரும்பாலும் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே ஏ9 வீதியில் ஓடுகிறேன். வீட்டுக்குப் போகும் கடைசித் துண்டு கிரவல் வீதி. அடுத்த மாதம் தெற்கில், பொதுப் போக்குவரத்து இல்லாத ஒரு மூடிய ஓடுதளத்தில், கூம்புகளை வைத்து நேரம் கணித்து ஓட்டும் நிகழ்வொன்றில் கலந்துகொள்ள எண்ணியிருக்கிறேன். அதே காரில் போய், அதே ரயர்களில் ஓடி, அதே காரில் நண்பர்களோடு திரும்ப வேண்டும்.

ரயர் மாற்றிய கடையில் நான்கு சில்லுகளுக்கும் 40 அடித்துவிட்டார்கள். காப்பெற் வீதியில் ஸ்ரேறிங் மிகக் கூர்மையாக இருக்கிறது. ஆனால் ஒட்டுப்போட்ட இடங்களில் கார் துள்ளுகிறது. நண்பர் ஒருவரோ, பிடிமானம் வேண்டுமென்றால் 28 க்கு இறக்கு என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? நைதரசன் அடித்தால் இந்தச் சிக்கல் தீருமா?

ஓமந்தை ரயர்வேலை எழுதியது:

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் உங்களுக்குப் பொருந்தாது. முதலில் அட்டையில் உள்ள அளவுக்கு வாருங்கள். அந்த அளவு ரயர் குளிர்ந்திருக்கும் நிலைக்குரியது. கார் குறைந்தது மூன்று மணிநேரம் நிழலில் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. எங்களிடம் வருகிறவர்களில் பலர் நண்பகலில், நேரே ஏ9 இல் இருந்து சூடாக இறங்கி, "33 வையுங்கள்" என்பார்கள். அப்போது மானி 37 காட்டும். நான்கை வெளியே விட்டு 33 ஆக்கி அனுப்பினால், மறுநாள் காலையில் அந்த ரயரில் 29 அளவில்தான் இருக்கும். ஆகையால் சூடான ரயரில் இருந்து காற்றை இறக்கச் சொல்லாதீர்கள்.

ரயரின் பக்கச்சுவரில் 44 அல்லது 51 என்று எழுதியிருப்பது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே 40 என்று அடிக்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அந்த இலக்கத்துக்கும் உங்கள் காருக்கும் தொடர்பில்லை.

இரணைமடு எழுதியது:

ரயர்வேலை அண்ணா சொன்னதே அடிப்படை. அதற்கு மேல், கேள்வி கேட்டவர் இரண்டு விடயங்களை ஒன்றாகக் கலந்து பார்க்கிறார் என்று நினைக்கிறேன்: ஸ்ரேறிங்கின் கூர்மை ஒன்று, பிடிமானம் இன்னொன்று.

ஸ்ரேறிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்புவது, ரயரின் பக்கச்சுவர் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அழுத்தம் கூடினால் பக்கச்சுவர் குறைவாக நெளியும். கைக்கு உடனே பதில் கிடைக்கும். பிடிமானம் வீதியோடு தொட்டுக்கொண்டிருக்கும் இறப்பர்ப் பரப்பையும், அந்தப் பரப்பில் பாரம் எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. 40 இல் நடுப்பகுதி புடைத்து, பாரத்தின் பெரும்பங்கை அதுவே சுமக்கிறது. விளிம்புகள் சும்மா இருக்கின்றன. மேடுபள்ளத்தில் ரயர் உள்வாங்காமல் துள்ளும்போது, அந்தக் கணத்தில் பிடிமானம் ஏறக்குறைய இல்லை. எனவே கூர்மையாகத் தோன்றும் கார் பிறேக் பிடிக்கும்போது உண்மையில் கூடுதலான தூரம் ஓடக்கூடும். 28 இலோ ரயர் வளைவில் தன் தோள்பட்டையில் உருண்டு சாய்கிறது, கைக்குப் பதில் தாமதமாக வருகிறது, பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து சூடேறுகிறது. நீண்ட நேர் வீதியில், நான்கு பேரும் பொதிகளும் ஏறிய காரில், வெயிலில் கொதிக்கும் தாரின் மேல், இந்தச் சூடுதான் ரயரைப் பிரித்துப் போடும்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெருந்தொகையானவை போர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் பூட்டப்பட்டிருந்தவை. அவ்வாகனத்துக்குப் போர்ட் பரிந்துரைத்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ மட்டுமே. உற்பத்திக் குறைபாடு எவ்வளவு, குறைந்த அழுத்தம் எவ்வளவு என்று இரு நிறுவனங்களும் நெடுநாள் வாதிட்டன. அதன் பின்னர் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின் விளைவாகத்தான் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு புதிய கார்களில் கட்டாயமானது. அந்த விளக்கும், பரிந்துரைத்த அளவில் கால்வாசி குறைந்துவிட்டால் எரிந்தே ஆக வேண்டும் என்பதுதான் அங்குள்ள விதி. அதாவது 33 க்கு 25 வரை இறங்கும்வரை அது வாய் திறக்காமல் இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்பதை நம்பி இருக்க முடியாது.

மாரி காலத்தையும் கணக்கில் எடுங்கள். தேங்கிய நீரின் மேல் ரயர் மிதக்கத் தொடங்கும் வேகம், அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடிக் குறையும் என்பது நாசா ஆய்வாளர்கள் விமான ரயர்களை வைத்துக் கண்ட தொடர்பு. அந்தக் கணக்கின்படி 33 பிஎஸ்ஐக்கு ஏறத்தாழ மணிக்கு 96 கிலோமீற்றர். 24 க்கு 82. காரில் தவாளிப்பின் ஆழமும் ரயரின் அகலமும் இதை மாற்றும். அகலமான ரயர் இன்னும் முன்னதாகவே மிதக்கும். நீங்கள் 175 இல் இருந்து 195 க்குப் போயிருக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். நம் நாட்டில் நகருக்கு வெளியே காருக்கான எல்லை 70 தான் என்றாலும், தேய்ந்த ரயரில் அந்த இடைவெளி விரைவாகக் கரைந்துவிடும்.

நைதரசனைப் பற்றி: வெப்பத்தால் விரிவதில் அதற்கும் காற்றுக்கும் பெரிய வேறுபாடில்லை. காற்றின் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே நைதரசன்தான். அது உலர்ந்திருக்கும் என்பதே அதன் நன்மை. கொம்பிறசர் தாங்கியின் அடியில் தேங்கும் தண்ணீரை நாள்தோறும் வெளியேற்றும் கடையில் அடித்த காற்றே போதும்.

கூம்பு ஓட்டம் எழுதியது:

ஓடுதளத்துக்குரிய பகுதியை நான் சொல்கிறேன். வீதியில் குளிர்ந்த அழுத்தத்தைப் பார்க்கிறோம். போட்டியில் பார்க்க வேண்டியது சூடான அழுத்தம். ரயரின் உள்ளே வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் கூடினால் 1 பிஎஸ்ஐ ஏறும். காலையில் 33 வைத்த ரயர், உள்ளே 30 பாகை கூடிவிட்டால் 38 க்கு அருகில் நிற்கும். எனவே "எத்தனை வைத்தாய்?" என்று ஒருவரைக் கேட்டால், எப்போது அளந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் காருக்கு எந்த அளவு உகந்தது என்பதை ஒரு சோக்கட்டி காட்டித்தரும். முன்ரயர்களின் வெளி விளிம்பில், ஓடுபரப்பும் பக்கச்சுவரும் சந்திக்கும் இடத்தில், விரலகலத்துக்கு ஒரு கோடு குறுக்காகப் பூசுங்கள். மூன்று இடங்களில் பூசினால் நல்லது. பல ரயர்களில் அந்த இடத்தில் சின்ன முக்கோண அடையாளம் இருக்கும். ஒரு சுற்று ஓடிவிட்டு உடனே பாருங்கள். சோக்கு முக்கோணத்தின் முனைவரை அழிந்திருந்தால் அழுத்தம் சரி. அதையும் தாண்டிப் பக்கச்சுவரில் அழிந்திருந்தால் ரயர் உருள்கிறது, 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். முக்கோணத்துக்கு எட்டாமலே நின்றிருந்தால் 2 இறக்குங்கள். நடுவே ஓட்டும் விதத்தை மாற்றக் கூடாது. மாற்றினால் எதை அளந்தோம் என்றே தெரியாது.

சாதாரண வீதி ரயர்களில், முன்பாரம் கூடிய இத்தகைய கார்களுக்கு, முன்பக்கம் அட்டை அளவைவிட 3 முதல் 6 வரை கூட வைத்துத் தொடங்குவது வழமை. பந்தய ரயர்கள் வேறு சங்கதி; அவற்றின் பக்கச்சுவர் தானாகவே விறைப்பானது.

அடுத்தது முன்-பின் வேறுபாடு. முன்சில்லு இழுக்கும் கார் வளைவில் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போக முனையும். பின்ரயர்களின் அழுத்தத்தை வேண்டுமென்றே மிகையாகக் கூட்டினால் பின்பக்கப் பிடிமானம் குறைந்து, கார் சுலபமாகத் திரும்பும். கூம்புகளுக்கு இடையே அது நேரத்தைக் குறைக்கும். அந்த அமைப்போடு ஏ9 இல் ஏறாதீர்கள். கட்டாக்காலி மாடு குறுக்கே வந்து, ஸ்ரேறிங்கை வெட்டியபடி அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால், பின்பக்கம் வீசும். ஓடுதளத்தில் விழுவது ஒரு கூம்பு மட்டும்.

ஒட்டுசுட்டான் எழுதியது:

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அட்டை அளவைக் கீதை போல் பிடிக்க வேண்டியதில்லை. ஒருவராக ஓடும்போது சொகுசாக இருக்க வேண்டும் என்பதும் அந்த இலக்கத்துக்குள் இருக்கிறது. நான்கு பேரோடு கொழும்புப் பக்கம் போகும்போது எல்லாச் சில்லுக்கும் 2 கூட்டி, பின்னுக்கு 3 கூடக் கூட்டி ஓடுகிறேன். கைக்கு உறுதியாக இருக்கிறது, நடுப்பகுதி அதிகம் தேய்ந்ததாகவும் காணவில்லை. சில கார்களின் அட்டையிலேயே முழுப் பாரத்துக்கென்று தனி வரி இருக்கிறது.

கிரவல் வீதிக்காக இறக்குவதை மட்டும் செய்யாதீர்கள். மணலில் புதைந்தால் இறக்கலாம். நம் உள்வீதிகளில் மழைக்குப் பிறகு கூரான விளிம்புள்ள கிடங்குகள் இருக்கும். 28 இல் உங்களுடையதைப் போன்ற 55 தொடர் ரயர் (பக்கச்சுவரின் உயரம் அகலத்தின் 55 வீதம்) அவற்றில் இறங்கினால், பக்கச்சுவர் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசிந்து உள்நூல் அறும். சில நாட்களில் பக்கத்தில் முட்டை போல் வீக்கம் தெரியும். அதன்பின் அந்த ரயரை எறிய வேண்டியதுதான்.

பரந்தன் சந்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று விடியற்காலையில் நான்கையும் அட்டை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். துள்ளல் பெருமளவு குறைந்துவிட்டது. இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. ரயர் அளவு மாறியிருக்கும்போது பழைய அட்டை இன்னும் பொருந்துமா? ஓடுதளத்தில் சூடான பிறகு காற்றை இறக்கினால், அன்றிரவே வீடு திரும்பும்போது என்ன செய்வது?

இரணைமடு எழுதியது:

முதலாவதற்கு, பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்துள்ள பாரச் சுட்டெண்ணைப் பாருங்கள். 175/65 ஆர்15 இல் பொதுவாக 84, அதாவது ஒரு ரயருக்கு 500 கிலோகிராம். 195/55 ஆர்15 இல் 85 என்றிருந்தால் 515. புதியது கூடுதலாகத் தாங்குவதால் அட்டை அளவே நல்ல தொடக்கம். ஒரேயொரு விலக்கு: ரயரில் எக்ஸ்எல் என்று பொறித்திருந்தால், அது தன் முழுப் பாரத்தைச் சுமக்கக் கூடுதல் அழுத்தத்தை எதிர்பார்க்கும் வகை, சுட்டெண் பெரிதாகத் தெரிந்தாலும் அட்டை அளவுக்குக் கீழே போக வேண்டாம்.

இரண்டாவதற்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ரயரின் உள்வெப்பம் 65 பாகையாக இருக்கும்போது காற்றை இறக்கி 34 ஆக்கினீர்கள் என்று கொள்வோம். அது 28 பாகைக்குக் குளிர்ந்ததும் 29 க்கும் சற்றுக் குறைவாக இருக்கும். பகல் முழுவதும் ஓடுதளத்தில் சூடேறிய அந்த ரயரில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகக் கிளிநொச்சி வரை வருவது ஆபத்தானது.

கூம்பு ஓட்டம் எழுதியது:

ஆகவே காரிலேயே ஒரு பம்பும் ஒரு மானியும் இருக்க வேண்டும். சிகரெட் லைற்றர் துவாரத்தில் செருகும் சின்னக் கொம்பிறசர் போதும்; மெதுவாகத்தான் ஏறும். மானியை எந்நாளும் ஒன்றையே பயன்படுத்துங்கள். இரண்டு கடை மானிகளுக்கு இடையே 3 பிஎஸ்ஐ வேறுபாடு இருப்பது சாதாரணம். அப்படியிருக்க 2 கூட்டினேன், 2 இறக்கினேன் என்பதற்குப் பொருளே இல்லை. ஓடுதளத்தைவிட்டு வெளியேறுமுன், ரயர் இன்னும் இளஞ்சூடாக இருந்தால், அட்டை அளவுக்கு மேல் 4 வைத்து அடித்துக்கொண்டு கிளம்புங்கள். காலையில் குளிர்ந்ததும் சரிபாருங்கள். சோக்குப் பார்க்கும்போது வால்வு மூடிகளைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டு வராமல் சட்டைப் பையில் போடுங்கள். நம் கிரவல் புழுதி வால்வுக்குள் இறங்கினால், மானியை எடுத்த பிறகும் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

ஓமந்தை ரயர்வேலை எழுதியது:

இன்னொன்று தம்பி, மேலதிகச் சில்லு. ஜப்பான் கார்களில் வரும் ஒடுக்கமான தற்காலிகச் சில்லுக்கு வேண்டியது 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பிஎஸ்ஐ. அதைப் பூட்டி மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடக் கூடாது. கார் வந்த நாளில் இருந்து யாரும் தொடாத சில்லு அதுதான். பலவற்றில் 20 கூட இருப்பதில்லை. முன்சில்லு பஞ்சரானால் அந்த ஒடுக்கச் சில்லை முன்னுக்குப் பூட்டாதீர்கள். பின்சில்லொன்றை முன்னுக்குக் கொண்டுவந்து, இதைப் பின்னுக்குப் பூட்டுங்கள். சின்னக் கொம்பிறசரால் 60 வரை ஏற்றுவது பாடு, ஆகையால் புறப்படுவதற்கு முந்தின நாள் ஏதாவது ஒரு கடையில் அடித்துக்கொண்டு போங்கள்.