கீமோவுக்கு முன்னாடி குழந்தை பற்றிப் பேசினார்களா? உங்கள் அனுபவம்

செங்காந்தள்:
எனக்குக் கல்யாணமான புதுசிலேயே மார்பகப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: "மொதல்ல உசுரு பொழைக்கட்டும், புள்ளகுட்டியெல்லாம் அப்புறம்." பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த "அப்புறம்" கீமோவுக்கு முன்னாடியே முடிவாகிவிடுகிற விஷயம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ரத்தம் எடுத்த நர்ஸ் அக்காதான், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "குழந்தை இருக்காம்மா? இல்லேன்னா கீமோவுக்கு நாள் குறிக்கறதுக்குள்ள டாக்டர்கிட்ட கேட்டுடு" என்றார். கேட்டேன். டாக்டர் அன்றைக்கே கருத்தரிப்பு மையத்துக்குக் கடிதம் கொடுத்தார்.

பெண்ணுக்குப் பிறக்கும்போது இருக்கிற முட்டைகள்தான் மொத்த இருப்பு, புதிதாக ஊறாது. எனக்குத் தர இருந்த சைக்ளோபாஸ்பமைடு அந்த இருப்பையே குறைக்கிற மருந்து. மாதவிலக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முட்டைகளை வளர்க்கிற ஊசியை எந்த நாளிலும் தொடங்கி ஏறக்குறைய 2 வாரத்தில் முட்டையை எடுத்துவிடலாம் என்றார்கள். என் கட்டி ஹார்மோனால் வளர்கிற வகை. அதனால் ஈஸ்ட்ரோஜன் ஏறாமல் இருக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கருவாக்கி உறைய வைத்திருக்கிறோம்.

இப்போது, ஈஸ்ட்ரோஜன் கட்டியை வளர்க்காமல் தடுக்கிற டமாக்சிஃபென் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நடுவில் நிறுத்திக் குழந்தை பெற்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கீமோவுக்கு முன்னாடி உங்களிடம் யாராவது இதைப் பேசினார்களா என்றும் எழுதுங்கள்.

ராஜபாளையத்தார்:
என் மகனுக்கு விரையில் கட்டி. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள், அடுத்தது கீமோ. "அதுக்கு முன்னாடி விந்தணுவைச் சேமிச்சு வச்சிடுங்க" என்றார் டாக்டர். கீமோவில் விந்தணு உற்பத்தி நின்றுபோகலாம், நிறையப் பேருக்குச் சில வருஷத்தில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். நானும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். எங்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசுகிற பேச்சில்லை இது. கடைசியில் அவனுடைய தாய்மாமன்தான் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினான். லேபில் பெயர் ஒட்டிய சின்ன டப்பா, தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு அறை. யாரும் தள்ளிக்கொண்டு வந்துவிடாதபடி மாமன் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். இப்போது அது மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில் இருக்கிறது. வருஷா வருஷம் கட்டணம் கட்டுகிறேன். முட்டை எடுக்க ஆகிற செலவோடு பார்த்தால் இது ரொம்பக் குறைவு. கீமோ ஏற ஆரம்பித்துவிட்டால் அணுக்களில் மரபுச் சேதம் இருக்கலாம், அதனால் முன்னாடியே கொடுத்துவிட வேண்டும். ஆம்பளப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

மழைச்சாரல்:
எனக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, நிணநீர்க் கணுவுல வர்ற புற்றுநோய். அப்போ கல்யாணம் ஆகல. அம்மாவுக்கு நோயைவிட, "வயசுப் பொண்ணு, இந்த டெஸ்ட்டெல்லாம் எடுத்தா வெளிய என்ன பேசுவாங்க"ங்கிற பயம்தான் பெருசா இருந்துச்சு. டாக்டரம்மா அம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சு நிதானமா சொன்னாங்க, எல்லா கீமோவும் ஒண்ணு இல்லைன்னு. எனக்குக் குடுத்தது ஏபிவிடி. இள வயசுல அதனால சினைப்பை பழுதாகறது குறைவு. பீகாப் மாதிரி வீரியமான வகைன்னா கதையே வேற. முட்டை இருப்பைக் காட்டுற ஏஎம்ஹெச் ரத்த டெஸ்ட் பார்த்தோம், நல்லா இருந்துச்சு. முட்டை எடுக்க வேண்டாம்னு முடிவு பண்ணினோம்.

பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட எதையும் மறைக்கல. சில வரன் தட்டிப்போச்சு. ஃபைலைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாப் படிச்சவரைத்தான் கட்டிக்கிட்டேன். பையன் இப்ப எல்கேஜி. மருந்துப் பேரை எழுதி வாங்குங்க. "கீமோ ஏத்தினா புள்ள பொறக்காது"ன்னு பக்கத்து வீட்டுல சொல்றதைக் கேட்டு அழாதீங்க.

பொன்னி:
எனக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய், கதிர்வீச்சு கொடுத்தார்கள். கதிர் படாதபடி சினைப்பையை மேலே தள்ளி வைத்துத் தைக்கிற ஆபரேஷன் உண்டு. ஆனால் முழு அளவு கதிர் வாங்கிய கருப்பை குழந்தையைச் சுமக்காது. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒளிக்காமல் சொன்னார். அதற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். முப்பது தாண்டிய கையோடு மாதவிடாய் நின்றுவிட்டது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும், எலும்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். வளைகாப்புக்கு அழைக்க யாராவது வந்தால் அம்மா முந்திக்கொண்டு வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார். "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் நேராகவே சொல்கிறேன்: கேன்சர் வந்தது, எனக்குப் பிறக்காது. செங்காந்தள், உனக்கு வழி இருக்கிறதைப் படித்து மனசார சந்தோஷப்பட்டேன்.

கடல்மல்லி:
செங்காந்தள் தங்கச்சி, நான் மாத்திரையை நிறுத்திப் பெற்றவள். 2023-இல் "பாசிட்டிவ்" என்ற ஆய்வின் முடிவு வந்தது. 42 வயதுக்கு மேற்படாத பெண்கள், 18 முதல் 30 மாதம் ஹார்மோன் மருந்து எடுத்தபின், குழந்தைக்காக 2 வருஷம் வரை நிறுத்தினார்கள். 3 வருஷத்தில் நோய் திரும்பியவர்கள், நிறுத்தாதவர்களைவிட அதிகமில்லை. ஆனாலும் நீண்ட காலத்துக்கு எப்படி என்று இன்னும் கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் என் டாக்டர் எடுத்தவுடன் சரி சொல்லவில்லை. கட்டியின் தரம், அக்குளில் இருக்கிற நிணநீர்க் கணுக்கள், ஸ்கேன் எல்லாம் பார்த்த பிறகுதான் சொன்னார். நிறுத்தின உடனே கரு தரிக்கவும் கூடாது, மருந்து உடம்பை விட்டுப் போக மாசக்கணக்கில் ஆகும். எத்தனை மாசம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்.

இன்னொன்று, கருவை 10 வருஷத்துக்கு மேல் சேமித்து வைக்க செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021 சட்டத்தில் இடமில்லை. உறைய வைத்த தேதியைப் பார்த்து வை.

குழந்தைக்கு ஒரு பக்கத்தில் மட்டும்தான் பால் கொடுத்தேன், அதுவே போதுமானதாக இருந்தது. மறுபடி மாத்திரை ஆரம்பிக்கும்போது அதையும் நிறுத்த வேண்டி வந்தது. அந்த வாரம் குழந்தையும் அழுதாள், நானும் அழுதேன். நீ மாத்திரை ஆரம்பித்து எவ்வளவு நாளாச்சு, கணுக்களில் பரவியிருந்ததா? எழுது, நான் என்னென்ன கேட்டேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.