கொக்கிப்புழு இளவுயிரியின் உறக்கத்தைக் கலைக்கும் ஹார்மோன் யாருடையது?

கேள்வி:
கொக்கிப்புழுவின் மூன்றாம் நிலை இளவுயிரி மண்ணில் எதையும் உண்ணாமல், வளராமல் காத்திருக்கிறது. தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்ததும் விட்ட இடத்திலிருந்து வளரத் தொடங்குகிறது. இம்மாற்றத்தைத் தூண்டும் ஹார்மோன் ஓம்புயிருடையதா (புழு குடியேறும் உயிரினுடையதா), புழுவே உருவாக்கிக்கொள்வதா? நரம்புக்கடத்திகளுக்கு இதில் என்ன பங்கு? முதுநிலைக் கருத்தரங்குக்காகப் படிக்கிறேன்; நூல்கள் இரண்டையும் தனித்தனி இயல்களில் விட்டுவிடுகின்றன.

மறுமொழி 1:
ஹார்மோன் புழுவினுடையதே. தனித்து வாழும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழு, உணவு குறைந்து நெரிசல் மிகும்போது 'டாவர்' என்னும் உறங்குநிலைக்குச் செல்கிறது. அந்த நிலையைக் கட்டுப்படுத்துவது டாஃப்-12 என்னும் ஏற்பி, அதாவது ஹார்மோன் வந்து பிணையும் புரதம். டஃபாக்ரோனிக் அமிலம் என்னும் ஸ்டீராய்டு ஹார்மோன் வந்து பிணைந்தால் வளர்ச்சி தொடர்கிறது, பிணையாவிட்டால் உறக்கம். உருளைப்புழுக்களால் கொலஸ்டிராலைத் தாமாக உருவாக்க முடியாது என்பதால் மூலப்பொருளை மட்டும் வெளியிலிருந்து பெற்று, ஹார்மோனைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. ஓம்புயிரின் எந்தத் தூண்டலும் இல்லாத நிலையில், கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் மற்றொரு ஒட்டுண்ணி உருளைப்புழு ஆகியவற்றின் இளவுயிரிகளுக்கு இந்த அமிலத்தை மட்டும் அளித்தபோது அவை உண்ணத் தொடங்கின என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை.

மறுமொழி 2:
மேலுள்ள விடையுடன் உடன்படுகிறேன்; ஆனால் அந்த ஹார்மோன் சுரக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதை இளவுயிரிக்கு உணர்த்துவது நரம்பு மண்டலம். உடல் வெப்பமும் இரத்தச் சீரமும் கிடைத்தால் இளவுயிரி விழித்துக்கொள்கிறது. ஒளிரும் சாயம் ஏற்றிய புரதத்தைக் கரைசலில் கலந்து சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், விழித்து அதை உண்ட இளவுயிரியின் குடல் ஓர் ஒளிக்கோடாகத் தெரியும். உறங்குவதன் குடல் இருண்டே இருக்கும். நாய்க் கொக்கிப்புழுவில், அசிட்டைல்கோலின் என்னும் நரம்புக்கடத்தியின் ஏற்பி வகைகளுள் ஒன்றான மஸ்கரினிக் ஏற்பியைத் தூண்டும் அரிக்கோலின் என்னும் வேதிப்பொருள் இந்த விழிப்பை உண்டாக்குகிறது. அதே ஏற்பியை அடைக்கும் அட்ரோபின், சீரம் இருந்தும் விழிப்பைத் தடுக்கிறது. ஆகவே நரம்புக்கடத்தியையும் ஹார்மோனையும் ஒரே தொடரின் முன்பகுதி, பின்பகுதி என்று கொள்வதே பொருத்தம்.

ஆனால், எலிகன்ஸில் கண்ட அனைத்தையும் ஒட்டுண்ணிகளின் மேல் ஏற்றிவிட வேண்டாம். எலிகன்ஸில் டாஃப்-7 என்னும் வளர்ச்சிக் காரணி நல்ல சூழலில் மிகுந்து உறக்கத்தைத் தடுக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்டிஸில் அதன் இணைக் காரணியோ, தொற்றும் நிலையில் காத்திருக்கும் இளவுயிரியில்தான் மிகுதியாகக் காணப்படுகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியெனில், ஸ்ட்ராங்கிலாய்டிஸ் தொற்றுள்ளவர்களுக்குக் கார்ட்டிகோஸ்டீராய்டு கொடுத்தால் புழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதும் இந்த வழியால்தானா?

மறுமொழி 3:
நோயெதிர்ப்பு குறைவதே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் தகவமைப்பு நோயெதிர்ப்பே (குறிப்பிட்ட கிருமியை இனங்கண்டு தாக்கும் ஆற்றலே) இல்லாத எலிகளிலும் மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் கார்ட்டிகோஸ்டீராய்டைக் கொடுத்த பிறகே நீங்கள் சொல்லும் அந்தப் பெருக்கம், அதாவது மிகைத்தொற்று, முற்றியது. ஆகவே அந்தக் காரணம் மட்டும் போதாது. மறுபுறம், டஃபாக்ரோனிக் அமிலத்தையே மருந்தாகக் கொடுத்தபோது ஆய்வக விலங்குகளில் புழுக்களின் எண்ணிக்கை குறைந்தது. தொற்றும் நிலை உருவாவதற்கு முன்பே வளர்ச்சி ஹார்மோன் வந்துவிடுவதால், குடலுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் தொற்றும் இளவுயிரி தோன்ற முடிவதில்லை. ஐவர்மெக்டின் என்னும் புழுக்கொல்லி மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது பயன் இன்னும் கூடியது. கருத்தரங்கில் இந்தப் பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.