ஒரு பக்க இறகை வெட்டினால் கோழி பூப்பாத்திக்குள் வராதாம்!

பெகு பூக்காரி: போன வாரம் சிரியம் தம்பி இங்கே எழுதியிருந்தார்: "ஒரு பக்க இறக்கையை வெட்டிவிடுங்கள், மூன்றடி வேலி போதும், கோழி பூச்செடிப் பக்கமே வராது." நம்பி வெட்டினேன். கார்த்திகைக்குப் பூக்கட்டும் என்று நட்ட செண்டுமல்லி நாற்று நாற்பது. இன்று காலை போய்ப் பார்த்தால் பதினோரு செடி வேரோடு கிடக்கிறது. நடுப்பாத்தியில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு குழி. அதற்குள் என் கறுப்புப் பெட்டை ஒரு காலை நீட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்கிறது. வெட்டின கோழிதான் அது!

சிரியம் சேவல்காரன்: அக்கா, சரியாக வெட்டினீர்களா? நுனியில் இருக்கும் நீளமான பத்து இறகுதான் கணக்கு. அதை வெட்டினால் எழும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். முப்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறேன். ஒரு பக்கம் போதும்.

பெகு பூக்காரி: பத்தையும்தான் வெட்டினேன். கோழி வேலியைப் பறந்தா தாண்டுகிறது? ஒளிந்து நின்று பார்த்தேன் தம்பி. ஒரே எம்பு, வேலி உச்சியில் குறுக்கே கட்டின மூங்கிலைக் காலால் பிடித்தது, நின்று செடியைப் பார்த்தது, இந்தப் பக்கம் குதித்தது. அதற்கு இறகு எதற்கு?

மோல்மீன் வாத்தியார்: இரண்டு பக்கமும் வெட்டிப் பாருங்கள். அப்புறம், "இறக்கையை வெட்டு" என்று எழுதாதீர்கள். யாராவது சதையோடு வெட்டிவிடப் போகிறார்கள். இறக்கை வேறு, இறகு வேறு.

சிரியம் சேவல்காரன்: வாத்தியார் வீட்டில் கோழி இருக்கிறதா? போன வருஷம் முருங்கை விஷயத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து பாடம் எடுத்தார். இரண்டு பக்கமும் வெட்டினால் இரண்டும் சமமாக அடித்து எழும்பிவிடும். ஒரு பக்கம்தான்.

மோல்மீன் வாத்தியார்: முருங்கையை இழுக்காதீர்கள். அன்று நான் சொன்னதுதான் நடந்தது. கிளை முறிந்தது உங்கள் கூரையில், என் கூரையில் இல்லை.

தட்டோன் தோட்டம்: எந்தப் பக்கமும் வெட்டவேண்டாம். எங்கள் தெருவில் நாய் அதிகம். இறகு வெட்டின பெட்டை மரம் ஏற முடியாமல் மழைக்காலத்தில் ஒன்று போய்விட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை. எப்படியும் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைத்துவிடும். முளைக்கிற இறகில் ரத்தம் ஓடும், அதை வெட்டினால் நிற்காமல் வடியும். நான் பாத்தி மண்மேல் கம்பிவலையைப் படுக்கையாக விரித்து, செடி வரும் இடத்தில் மட்டும் ஓட்டை விட்டிருக்கிறேன். கிளற முடியாத இடத்தில் கோழி நிற்காது.

சிரியம் சேவல்காரன்: வலை வாங்க உங்களிடம் காசு இருக்கிறது. நான் சொன்னது செலவில்லாத வழி.

பெகு பூக்காரி: பதினோரு நாற்று செலவில்லையா? வீட்டுக்கோழியின் மூதாதை பர்மா, வடக்குத் தாய்லாந்து, தென்மேற்குச் சீனா பக்கத்துச் சிவப்புக் காட்டுக்கோழி என்று 2020-ல் வந்த மரபணு ஆய்வே சொல்கிறது. என் கறுப்பி ராத்திரியில் மாமரக் கிளையில் தூங்குகிற பெட்டை. அதற்கு மூன்றடி ஒரு தடையா? காலையிலேயே அந்தக் குறுக்கு மூங்கிலை அவிழ்த்து எறிந்தேன். உச்சியில் கால் ஊன்ற இடமில்லாமல் வலையைத் தொளதொளவென்று விட்டேன். வேப்பமரத்தடியில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி. இன்று மத்தியானம் அதில்தான் புரண்டது.

சிரியம் சேவல்காரன்: பாருங்கள், இன்று தாண்டவில்லை. வெட்டினது வேலை செய்கிறது!

பெகு பூக்காரி: வெட்டாத சிவப்புப் பெட்டையும்தான் தாண்டவில்லை! அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சிரியம் சேவல்காரன்: அது சோம்பேறிக் கோழியாக இருக்கும்.

பெகு பூக்காரி: என் கோழியைச் சொல்லவேண்டாம். அடை உட்கார்ந்து ஒன்பது குஞ்சு பொரித்த கோழி அது. ஒரு பக்கம் போதும் என்று எழுதினதை முதலில் எடுங்கள்.

மோல்மீன் வாத்தியார்: "இறக்கை" என்பதையும் திருத்துங்கள்.

சிரியம் சேவல்காரன்: எதையும் எடுக்கமாட்டேன். ஒரு பக்கம் போதும்.